மூன்று மணி ஐம்பது நிமிடம்

திருச்சிக்கும் கோலாலம்பூருக்கும் நடுவே இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கிடக்கிறது, பெரும்பாலும் தண்ணீர். அதை விமானம் மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் தாண்டிவிடும், ஒன்றாக ஏறியவர்கள் ஒன்றாகவே இறங்குவார்கள் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து அது அப்படி இல்லாமல் போயிற்று. அன்று கோலாலம்பூரில் விமானத்தின் கதவைச் சாத்திய பன்னிரண்டாவது நிமிடம், மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் வீட்டு மருமகள் திருச்சி விமான நிலையத்தின் வெளிவாசலில் பாதி குடித்த ஆரஞ்சுச் சாறுடன் வந்து நின்று ஆட்டோ கேட்டாள். அவளுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவளிடம் ஊறுகாய்ப் பொட்டலம் கடன் வாங்கித் தயிர்சாதம் தின்ற துறையூர்க்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார். விமானம் என்னவோ வழக்கமான நேரத்துக்கு வந்து இறங்கியது. அந்த நேரத்துக்கு உரியவர்கள் மட்டும் அதில் இருந்தார்கள். மற்றவர்கள் முன்னாலேயே வந்திருந்தார்கள், அல்லது இன்னும் வந்துகொண்டிருந்தார்கள். யாரைக் கேட்டாலும் தாங்கள் மூன்று மணி ஐம்பது நிமிடம் பறந்ததாகவும், சாப்பாடு ஆறிப்போயிருந்ததாகவும், ஜன்னலோரத்து ஆள் தோளில் சாய்ந்து தூங்கியதாகவும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

முதல் வாரம் ஜனங்கள் பயந்தார்கள், இரண்டாவது வாரம் சண்டை போட்டார்கள், மூன்றாவது வாரம் பாய் கொண்டுவந்தார்கள். டெல்லியிலிருந்து ஒரு குழு கருவிகளோடு வந்து இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரத்தை மறுபடி அளந்து, அது ஒரு முழம்கூடக் கூடவோ குறையவோ இல்லை என்று சான்றிதழ் கொடுத்துவிட்டு, தாங்களும் அடுத்த விமானத்தில் கோலாலம்பூர் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்கள். விமானக் கம்பெனி டிக்கெட்டின் பின்பக்கத்தில் 'வந்து சேரும் நேரம் பயணியைப் பொறுத்தது' என்று அச்சடித்தது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற அதிகாரிகள் அன்றைய தேதியைப் பார்த்துக் குத்தினார்கள். அவர்களுக்கு அதற்கு மேல் கேள்வி இல்லை.

வெளிவாசலுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு டீ விற்ற சகாயராஜ்தான் இதற்கு முதன்முதலாக விளக்கம் சொன்னவர். ஒரு கரும்பலகையை மாட்டி, யார் எத்தனை நேரத்தில் வந்தார்கள் என்று சாக்பீஸால் எழுதிவைத்தார்; எழுதி எழுதி அவருக்கு ஒன்று புலப்பட்டது. "ஊருக்கு வரணும்னு ஆசை இருக்கறவன் சடார்னு வந்துர்றான், இல்லாதவன் இழுக்குறான். இதுல என்னய்யா ரகசியம்?" என்றார். அந்த விளக்கம் டீயை விட வேகமாகப் பரவியது. உள்ளூர் மாலை நாளிதழ் ஒன்று கரும்பலகையைப் படம் பிடித்துத் தினமும் கடைசிப் பக்கத்தில் போட ஆரம்பித்தது; கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு 'வரவு நேரம்: பதினேழு நிமிடம்' என்று சேர்த்து எழுதினார்கள்.

விளக்கத்துக்குள் மடங்காத சில சங்கதிகளும் இருந்தன; யாரும் அவற்றை அதிகம் நோண்டவில்லை. இடுப்புப் பட்டைக்குள் தங்கத்தை ஒளித்துக்கொண்டு வந்த ஒருவன், தகவல் கிடைத்து அதிகாரிகள் கையுறை மாட்டிக்கொண்டு காத்திருந்த அன்று, நாலே நிமிடத்தில் வந்து சேர்ந்தான். "மாட்டிக்கிறதுக்கு என்ன ஆர்வம் பாருங்க!" என்று சகாயராஜ் வியந்தார். லால்குடியில் தகப்பன் செத்ததற்குப் புறப்பட்ட கடைசி மகன் பதினைந்து நாள் கழித்து, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்தான். அதற்குள் அண்ணன்மார் மூன்று பேரும் மனையை அளந்து கல் ஊன்றி முடித்துவிட்டு, பெற்ற தகப்பனிடமே பாசம் இல்லாதவன் என்று அவனைக் காறித் துப்பினார்கள். போகிற விமானத்திலும் இதே கதைதான். இரண்டு மாத விடுப்பு முடிந்து, கண்டிப்பான சூப்பர்வைசரிடம் திரும்பிப் போனவன் எட்டு நிமிடத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிட, "வர்றதுக்கு ரெண்டு நாளு, போறதுக்கு எட்டு நிமிசமா?" என்று அவன் பெண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லாமல் கிளம்பியவர்கள் மட்டும் இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும் பழையபடி, ஒரு நிமிடம் பிசகாமல், மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சகாயராஜ் 'கல் நெஞ்சு' என்று தலைப்புப் போட்டுத் தனிப் பத்தி ஒதுக்கினார்.

கீரனூருக்குப் பக்கத்தில் வெள்ளாஞ்சிக்குடியில் இருந்த வாசுகி இதையெல்லாம் நாளிதழின் கடைசிப் பக்கத்தில் படித்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், புருஷன் அடைக்கலம் ஆடி மாதம் வருகிறேன் என்று போனில் சொல்லும் வரைக்கும்.

அடைக்கலம் பதினாலு வருஷமாகக் கோலாலம்பூரில் பரோட்டா மாஸ்டர். ஆறு மாஸ்டர்கள் வேலை செய்கிற பெரிய கடை அது. யார் வந்தார் யார் போனார் என்று முதலாளிக்கே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, வர போக எல்லாம் சேர்த்துப் பதினைந்து நாள் விடுப்பு. அந்தப் பதினைந்து நாளில் முதல் இரண்டு நாள் அவன் தன்னுடைய ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைக் கிளப்பப் பார்ப்பான். மூன்றாம் நாள் அது கிளம்பும். அதில் ஏறிக் கண்மாயை ஒரு சுற்றுச் சுற்றி, ஊர் முழுக்கப் புகையைப் போட்டுவிட்டு வந்து, துடைத்து, எண்ணெய் விட்டு, தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டிவிட்டுப் போவான். மற்றபடி அவன் நல்ல மனுஷன்.

அந்த ராஜ்தூத்தை வாசுகி போன தை மாதம் கீரனூர் வண்டிக் கடையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பழைய ஸ்கூட்டி வாங்கிவிட்டாள். அவள் தோசை மாவு அரைத்துப் பொட்டலம் போட்டு ஏழு ஊர்க் கடைகளுக்குக் கொடுக்கிறவள். மாவு புளிப்பதற்குள் போய்ச் சேர வண்டி வேண்டும், தார்ப்பாய்க்குள் தூங்குகிற வண்டி ஒன்றுக்கும் ஆகாது. நியாயமான காரியம்தான். ஆனால் அவனிடம் சொல்லவில்லை. சொல்லாததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் வீடியோவில் கூப்பிட்டு, "வண்டியக் கொஞ்சம் காட்டு" என்பான். அதனால் அவள் பழைய தையல் மிஷினைக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போய், முன்னால் ஒரு கவிழ்த்த குண்டானும் பின்னால் ஒரு முக்காலியும் வைத்து, மேலே அதே தார்ப்பாயைப் போட்டு, அதே கயிற்றால் கட்டியிருந்தாள். போனில் பார்க்க அச்சு அசல் ராஜ்தூத்தான்.

"டேங்க் மேல ஒரு தட்டு தட்டிக் குடு வாசுகி," என்பான் அடைக்கலம்.

அவள் தையல் மிஷினைத் தட்டிக் கொடுப்பாள்.

"சத்தம் ஒரு மாதிரி இருக்கே?"

"பனியில இறுகிக் கெடக்குங்க."

இப்படி ஆறு மாதம் ஓடியிருந்தது. இப்போது ஆள் நேரில் வருகிறான்.

வருகிற நாள் வாசுகி, மாமியார் வெள்ளையம்மா, நாத்தனார் குணவதி, இவர்களோடு தெருவில் பாதிப் பேர் ஒரு வேனைப் பிடித்துத் திருச்சிக்குப் போனார்கள். அழைக்கப் போவது ஒருவன்தான் என்றாலும் வேன் நிறையப் போகாவிட்டால் அந்த ஊரில் அதை அழைப்பு என்று சொல்ல மாட்டார்கள். தெருவுக்கே கோடாலித் தைலமும் பிஸ்கட் டின்னும் பெட்டியில் வருவதாக அடைக்கலம் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லியிருந்தான்; தைலம் தீர்ந்து எட்டு மாதமாகி, ஊரே மூட்டு வலியோடு இருந்தது. கோலாலம்பூரில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று சகாயராஜ் பலகையில் நேரத்தை எழுதினார். ஒன்பதாவது நிமிடம், கயிறு கட்டி, அடைக்கலம் என்று கொட்டை எழுத்தில் எழுதிய பெட்டி, தள்ளுவண்டியில் தனியாக வெளியே வந்தது.

"பெட்டி வந்துருச்சு!" என்று தெருவே கைதட்டியது. ஆள் வரவில்லை.

மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று, விமானம் இறங்கிற்று, கல் நெஞ்சுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். ஆள் வரவில்லை. சாயங்காலம் வரைக்கும் பார்த்துவிட்டு, பெட்டியை மட்டும் வேனில் ஏற்றி, அதற்கு மாமியார் ஆரத்தி எடுத்து உள்ளே கொண்டுபோனார்கள்.

அன்று ராத்திரியே தைலமும் பிஸ்கட்டும் பட்டுவாடா ஆகி, பெட்டியின் அடியில் ஒரு பழைய பனியனில் சுற்றிய பொட்டலம் ஒன்று மிஞ்சியது. வாசுகி பிரித்துப் பார்த்தாள். இரண்டு கண்ணாடிகள், புத்தம் புதுசு, வெள்ளிப் பூச்சு, ராஜ்தூத்தின் கைப்பிடியில் மாட்டுகிற மாதிரி நீளக் காம்போடு. அவள் அவற்றில் தன் முகத்தை ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்தாள். சரியாக அந்த நேரத்தில் அவள் மனதுக்குள் என்ன நினைத்தாள் என்றால், 'கடவுளே, இந்த ஆளு இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வரட்டும்; அதுக்குள்ள எப்படியாவது வண்டியைத் திரும்ப வாங்கிர்றேன்' என்றுதான். மறுநாள் கீரனூருக்கு ஸ்கூட்டியில் பறந்தாள். ராஜ்தூத்தைப் பிரித்து, இஞ்சினைக் கரும்புச் சாறு மிஷினுக்குப் போட்டுவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். "நல்லா ஓடுதும்மா. ரெண்டு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்க," என்றார். குடித்துவிட்டு வந்தாள்.

இரண்டு நாள் நாலு நாளாயிற்று, நாலு ஆறாயிற்று. வேன் தினமும் போய்த் தினமும் திரும்பியது. வெள்ளாஞ்சிக்குடிக்குச் சகாயராஜின் விளக்கம் தெரியும். ஆகவே அடைக்கலத்துக்கு வீட்டுக்கு வர ஆசை இல்லை என்பது முதல் நாளே தீர்ப்பாகிவிட்டது. ஏன் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கிற பொறுப்பைக் குணவதி எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள், அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றாள். நாலாம் நாள், அவள் கடைக்கு அடுத்த சந்தில் சலூன் வைத்திருக்கிறாள் என்றாள். ஆறாம் நாள் அவளுக்கு ஒரு மகன் இருந்தான். எட்டாம் நாள் அந்த மகன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான், கணக்கில் கெட்டிக்காரன்.

"பெட்டிய மட்டும் நம்ம பக்கம் தள்ளிவிட்டுட்டு அங்கயே எறங்கிக்கிட்டானே எங்கண்ணன்," என்று அழுதாள் குணவதி. "அண்ணி, ஒன்னைய நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்கல."

மாமியார் அழவில்லை. அவள் மகன் வரும்போது அவனைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "'நீ என் வயித்துல பொறந்தவன் இல்ல, வாசப்படி ஏறாத, வந்த வழியே போ'ன்னு சொல்லுவேன். சொல்லிட்டுத் திரும்பிக்குவேன். எந்தப் பக்கம் திரும்புனா நல்லா இருக்கும் தாயி?" என்று வாசுகியையே கேட்டாள்.

வாசுகிக்கு அந்த நாட்கள் சுகமாகவே இருந்தன என்பதை மறைப்பானேன். தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் அவளுக்குக் குழம்பு வந்தது. மாவுப் பொட்டலம் இரண்டு மடங்கு விற்றது. புருஷன் கைவிட்டவள் மாவு என்று ஏழு ஊரும் தேடி வாங்கியது. ஆனால் பத்தாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்: பதினைந்து நாள் விடுப்பு, அதில் பத்து நாள் போய்விட்டது. பதினைந்தாம் நாள் திரும்பிப் போகிற விமானத்தில் அவனுக்கு இடம் போட்டிருக்கிறது. இப்படியே போனால் வந்து சேர்வதற்கு முன்னாலேயே திரும்பிப் போக வேண்டிய முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். அப்படியே ஒரு நாள் முன்னால் வந்துவிட்டாலும், வாசலில் பெற்ற தாயே திரும்பி நிற்பாள். என்ன தப்புச் செய்தோம் என்றே தெரியாமல், கையில் இருந்த மிச்ச நாளும் பஞ்சாயத்தில் கழிந்து, மறுபடி இரண்டு வருஷம் அங்கே போய் மாவு பிசைவான். சோறு அவளுக்கும் இறங்கவில்லை.

பதினோராம் நாள் காலையில் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, உள்ளே பெட்டி தள்ளுகிற ஆள் ஒருவர் டீ குடிக்க வெளியே வந்தார். சும்மா பேச்சுக்குத்தான் வாசுகி கேட்டாள்: "ஏண்ணே, எங்க பெட்டி மட்டும் எப்படிண்ணே ஒன்பது நிமிசத்துல வந்துச்சு?"

"பெட்டி எப்பவும் முன்னாடியே வந்துரும்மா," என்றார் அவர். "ஆளு பத்து நாள் லேட்டா வந்திருக்கான். ஒரு பெட்டிகூட இதுவரைக்கும் லேட்டா வந்ததில்ல."

வாசுகி டீயை வாயில் வைத்தாள், முழுங்கவில்லை. பெட்டிக்கு என்ன ஆசை? பெட்டிக்கு அம்மாவா, பெண்டாட்டியா? ஊருக்குப் போக வேண்டும் என்று ஒரு பெட்டி எப்படி ஏங்கும்? ஏங்கியது தெரு. எட்டு மாதமாகத் தைலம் இல்லாத தெரு, மூட்டுக்கு மூட்டு ஏங்கி நின்றது. பெட்டியை இழுத்தது அந்த ஏக்கம். கையுறை மாட்டி நின்றவர்கள் தங்கக்காரனை இழுத்தார்கள், கல் ஊன்றி முடிக்கிற வரைக்கும் லால்குடி அண்ணன்மார் தம்பியைக் கடல் மேல் நிறுத்திவைத்தார்கள், சூப்பர்வைசர் வேலைக்காரனை இழுத்தார். சொல்லாமல் வந்தவனுக்காக யாரும் வாசலில் நிற்கவில்லை, அதனால் அவனுக்கு மட்டும் உள்ளது உள்ளபடி தூரம். பறக்கிறவன் கையில் ஒன்றுமே இல்லை. எல்லாம் வாசலில் நிற்கிறவர்கள் கையில் இருக்கிறது. அப்படியானால் அடைக்கலத்தைப் பதினோரு நாளாக வானத்தில் பிடித்து வைத்திருப்பது சலூன்காரி அல்ல.

அவள் கண்ணை மூடிக்கொண்டு 'வந்துருங்க, வந்துருங்க' என்று நினைத்துப் பார்த்தாள். வாய்தான் வா என்றது. வயிறு வராதே என்றது. வாசல் கதவு திறந்தது. பெரம்பலூர்க்காரர் ஒருவர் வந்தார்.

வாசுகி எழுந்தாள். எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது.

"அத்தை, திரும்பி நிக்கிறதுக்கெல்லாம் பழக வேணாம். அவர் மேல தப்பில்ல. நாந்தான் அவர வரவிடாம வச்சிருக்கேன்."

வெள்ளையம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினாள். "என்னடி ஒளர்ற?"

"அவரு ராஜ்தூத்த நான் குடுத்துட்டு ஸ்கூட்டி வாங்கிட்டேன். அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருமேன்னு பயம். அதான் வராம இருக்காரு."

"அந்த ஸ்கூட்டி ஒங்கண்ணன் வண்டின்னு சொன்னியே அண்ணி?" என்றாள் குணவதி.

"பொய்யி."

"அப்ப கொல்லையில தார்ப்பாய் போட்டு நிக்கிறது?"

"தையல் மிஷினு. முன்னாடி குண்டான். பின்னாடி முக்காலி."

கொட்டகையில் எழுபது எண்பது பேர் இருந்தார்கள். பாயில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். சகாயராஜ் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"போன மாசம் வீடியோவுல அவன் அழுதானே," என்றாள் மாமியார் மெதுவாக. "'எத்தனை நாளாச்சு இத ஓட்டி'ன்னு. நீ வண்டிக்கு அவன் சார்பா முத்தங்கூடக் குடுத்தியேடி."

"தையல் மிஷினுக்குத்தான் அத்தை குடுத்தேன்."

முதலில் சிரித்தது வெள்ளையம்மாதான். வெற்றிலைச் சாறு சேலையில் ஒழுகச் சிரித்தாள். குணவதி சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிப் பார்த்துத் தோற்றாள். பிறகு கொட்டகை முழுக்க, யாரை எதிர்பார்த்து எத்தனை நாளாகக் கிடக்கிறோம் என்பதை மறந்து, தகரம் அதிரச் சிரித்தது. வாசுகிக்கு வயிற்றிலிருந்து ஏதோ ஒரு கயிறு அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. சொல்லியாகிவிட்டது. இனி ஏழு ஊருக்கும் தெரியும். இனி அந்த ஆள் வந்தால்தான் என்ன? வந்து தொலைந்தால்தானே திட்டு வாங்கி முடிக்கலாம்?

சிரிப்பு ஓயவில்லை, வாசல் கதவு திறந்தது. அடைக்கலம் வந்தான். தோளில் பை, கையில் விமானத்தில் கொடுத்த பிளாஸ்டிக் கரண்டி, அது எதற்கு என்று அவனுக்கே தெரியாது. வேன் நிறைய ஜனம் நிற்பதையும் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும் பார்த்து அவன் பயந்துபோனான்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன? ப்ளைட்டு கரெக்ட் டைம்தானே?"

வெள்ளையம்மா மகனைக் கட்டிப்பிடித்தாள். ஒத்திகை பார்த்த வசனம் வீணாயிற்று. வாசுகி அவனுக்கு நேராக வந்து நின்று, நடந்ததை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். அவன் பதினோரு நாள் போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இஞ்சின் எங்கே என்று மட்டும் கேட்டான்.

"கரும்புச் சாறு மிஷின்ல."

"ஓடுதா?"

"நல்லா ஓடுதுங்க."

"ஒதைச்ச ஒடனே கெளம்புதா?"

"மொத ஒதையிலயே."

அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. வேனில் ஏற மாட்டேன் என்று, வாசுகி ஓட்டி வந்திருந்த ஸ்கூட்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து, கீரனூர் வரைக்கும் அதன் இஞ்சின் சத்தத்தையே உற்றுக் கேட்டுக்கொண்டு வந்தான். ஊர் எல்லையில், "நான் வாங்குன ரெண்டு கண்ணாடியும் இதுக்குச் சேராது," என்றான். மறுநாள் காலையில் அவற்றை எப்படியோ வளைத்து, நெளித்து, ஸ்கூட்டியின் கைப்பிடியில் மாட்டிவிட்டான். எருமைக் கன்றுக்கு யானைக் காது வைத்த மாதிரி இருந்தது. மிச்ச நாட்களில் தினமும் ஒரு முறை கரும்புச் சாறு குடிக்கப் போனான்.

வாசுகி கண்டுபிடித்த விஷயத்தைக் கொட்டகையில் அத்தனை பேரும் காது குளிரக் கேட்டார்கள்; ஒருவரும் ஏற்றுக்கொள்ளவில்லை. வராதவன் மேல் பழி போட்டுவிட்டு நிம்மதியாக டீ குடிப்பதில் இருந்த வசதியை யார் விடுவார்கள்? சகாயராஜ் தன் பலகையில் 'அடைக்கலம், பதினோரு நாள், மோட்டார் சைக்கிள் காரணம்' என்று எழுதியதோடு சரி. லால்குடி அண்ணன்மாரில் மூத்தவர் அன்று அங்கே இருந்தார். அவர் மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

பதினைந்தாம் நாள் அடைக்கலம் திரும்பிப் போனான். அன்று வெள்ளையம்மா வீட்டில் கடிகாரத்தைச் சுற்றிக் கூட்டம். சலூன்காரியை இன்னும் கைவிடாத குணவதி, அண்ணன் அங்கே எத்தனை நிமிடத்தில் போய்ச் சேர்கிறான் என்று பார்த்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும் என்றாள். பத்து நிமிடம் ஆயிற்று, போன் இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, இல்லை. கதவைச் சாத்தியதிலிருந்து சரியாக மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் போன் அடித்தது.

"வந்து எறங்கிட்டேன்," என்றான் அடைக்கலம். "சரியா மூணு அம்பது. பஸ்ஸுக்கு நிக்கிறேன். ரூமுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும்."

வீடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. "கல் நெஞ்சுதான், ஆனா ஒழுக்கமான கல் நெஞ்சு," என்று குணவதி ஒத்துக்கொண்டு கூட்டத்துக்குச் சர்க்கரை கொடுத்தாள். கணக்கில் கெட்டிக்காரனான அந்தப் பத்தாம் வகுப்புப் பையனைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை, பாவம்.

வாசுகி சர்க்கரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மூன்று மணி ஐம்பது நிமிடம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பக்கத்து வாசலில் அவனுக்காக ஒரு ஈ, காக்கை நிற்கவில்லை. வர வேண்டும் என்று யாரும் இழுக்கவில்லை, வர வேண்டாம் என்றுகூட யாரும் தடுக்கவில்லை. பதினாலு வருஷத்தில் விடுப்பு முடிந்து ஏழு தடவை அந்த ஊரில் போய் இறங்கியிருக்கிறான். ஏழு தடவையும் அவனுக்காக அங்கே வாசலில் யாரும் இல்லை.

அவள் கொல்லைப்புறம் போய், தார்ப்பாய் எடுத்த தையல் மிஷினில் சாய்ந்துகொண்டு, அவனோடு அறையில் தங்கியிருக்கிற காரைக்கால் பிச்சைமுத்துவின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"அண்ணே, நான் அடைக்கலம் வீட்லேர்ந்து வாசுகி பேசுறேன்."

"மாஸ்டர் வீடா? சொல்லும்மா. மாஸ்டர் ஊருக்குல்ல போயிருக்காரு?"

"இன்னிக்குத் திரும்பி வர்றாருண்ணே. இப்பத்தான் எறங்கி பஸ்ஸுக்கு நிக்கிறாரு."

"இன்னிக்கா? எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்ல மாட்டாருண்ணே. நீங்க கொஞ்சம் வாசல்ல போய் நில்லுங்களேன்."

"எதுக்கும்மா? சாவி அவருகிட்டயே ஒண்ணு இருக்கே."

"சாவிக்கு இல்லண்ணே. சும்மா. வந்துட்டாரான்னு பாக்குறதுக்கு."

பிச்சைமுத்து முனகிக்கொண்டு எழுவது கேட்டது. அவர் வேலை முடிந்து அப்போதுதான் படுத்தவர். செருப்பைத் தேடினார், ஒன்று கிடைத்தது, இன்னொன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "நீ சொல்றியேன்னு போறேன். ஒரு டீயாவது போட்டு வைக்கவா மாஸ்டருக்கு?" என்று கேட்டார். தாழ்ப்பாளை இழுத்தார். கதவு திறந்தது.

போன் கை நழுவித் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

"அண்ணே?"

போனுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, அடைக்கலத்தின் குரல் கேட்டது.

"ஏன்யா வாசல்ல நிக்கிற? சாவியத் தொலைச்சுட்டியா?"